சத்தம் போதாத சைலன்சர்

பிப்ரவரி 2, ஞாயிறு

வண்டி வந்து பத்து நாள் ஆகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. சத்தம் இல்லை.

முன்னூற்றைம்பது சிசி க்ரூசர் பைக். காலை நீட்டி உட்கார்ந்து ராஜா மாதிரி ஓட்டுகிற வண்டி. மில்லில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கினேன். ஐம்பத்தெட்டு வயசில் இது தேவையா என்று கேட்காதவர்கள் சோமனூரில் இல்லை. கேட்டவர்கள் யாரும் முப்பத்தொரு வருஷம் தறிக் கொட்டகையில் நின்றவர்கள் இல்லை. நூற்றிருபது தறி ஒன்றாக ஓடும். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. ஆனால் முதலாளியின் மகன் தன் க்ரூசரில் கேட்டுக்குள் வருவார் பாருங்கள், அந்த 'தம் தம்' மட்டும் தறிச் சத்தத்தைத் தாண்டி வந்து நெஞ்சில் இடிக்கும். அன்றைக்கே முடிவு செய்தேன். பிழைப்புக்காக இத்தனை சத்தம் கேட்டாயிற்று. எனக்குப் பிடித்த சத்தம் ஒன்றைக் கேட்காமல் போக மாட்டேன்.

வாங்கிய வண்டியோ போர்வைக்குள் இருமுகிற மாதிரி இருக்கிறது. கம்பெனிக்காரன் சட்டத்துக்குப் பயந்து வாயைக் கட்டி அனுப்பியிருக்கிறான். வேறு சைலன்சர் மாட்டியே தீர்வது என்று இருக்கிறேன்.

ருக்மணியிடம் சொன்னேன். எதிரே வந்து நின்றாள். எதைச் சொல்வதானாலும் அவள் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே நின்றுதான் சொல்வாள். கல்யாணமான புதிதில் இந்தப் பழக்கம் கிடையாது. வயசாக ஆக என் மேல் மரியாதை கூடியிருக்கிறது.

"சத்தம் நல்லாத்தானுங்க இருக்குது. தெருமுக்குல நீங்க திரும்பறப்பவே நான் டீ வெச்சுப்போடறேன்" என்றாள்.

பாவம், க்ரூசரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

பிப்ரவரி 5, புதன்

புதுக் குக்கர் சரியில்லை. மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு ருக்மணி தண்ணீர் பிடிக்கப் போனாள். வாசலில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. பருப்பு தீய்ந்து கரியாகிவிட்டது.

உள்ளறையில் படுத்திருந்த என் மகள் தாரணிதான் வாசம் பிடித்து எழுந்து வந்து அணைத்தாள். கட்டுச்சோறு விருந்து முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். "பத்து விசிலுக்கு மேல வந்துச்சுங்ப்பா" என்கிறாள். மாசமாக இருப்பவர்களுக்குக் காது கூர்மையாகிவிடும் போலிருக்கிறது. குக்கரை எப்படியும் மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

உக்கடத்தில் நவாஸ் கடை. கோயமுத்தூரில் க்ரூசர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவன் பெயரைத்தான் சொன்னார்கள். நாற்பது வயசு இருக்கும். இரண்டு காதிலும் மஞ்சள் அடைப்பான் வைத்துக்கொண்டு வேலை செய்கிறான். சைலன்சர்காரனுக்குச் சத்தம் ஆகாதாம்! சுவர் முழுக்கக் குழாய்கள். குட்டை, நெட்டை, வாய் அகன்றது, மீன் வால் மாதிரி பிளந்தது.

"சைலன்சர்னா வெறுங் குழாய் இல்லீங்ணா. உள்ளார ஓட்டை போட்ட குழாய் ஒண்ணு இருக்கும். அதச் சுத்திக் கண்ணாடிக் கம்பளி. கம்பளிதான் சத்தத்தக் குடிக்கும். எவ்வளவு குடிக்கோணும்னு மொதல்ல நீங்க முடிவு பண்ணுங்க."

"குடிக்கவே வேண்டாம்" என்றேன். சிரித்தான்.

குட்டைக் குழாயைத் தேர்ந்தெடுத்தேன். மாட்டி முறுக்கினான். செல்போனில் சத்தம் அளக்கிற ஏதோ ஒன்றை வைத்துக் காட்டினான். தொண்ணூற்றாறு என்றது. போதும் என்றான். எனக்குப் போதவில்லை. கைப்பிடியில் அதிர்வு ஜோராக வருகிறது, நெஞ்சிலும் வருகிறது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஒரு நுனி இருக்குமே, அது வரவில்லை. இருந்தாலும் முன்பிருந்ததற்கு இது தேவலை.

வேலை செய்யும்போது குனிந்தபடி அவன் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தானாம். நான் பதில் சொல்லவில்லையாம். நிமிர்ந்து என்னையே பார்த்தான். பட்டறையில் தரையைப் பார்த்து முனகினால் யாருக்குக் கேட்கும்? எங்கள் தறிக் கொட்டகையில் நாற்பதடி தள்ளி நிற்கிறவன் என்னைத் திட்டினாலும் உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவேன். அங்கே எல்லாமே உதடும் கையும்தான். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டுவோம். அதிகாரி வந்தால் மீசையைத் தடவுவோம். புரிந்தது என்பதற்குத் தொடையில் இரண்டு தட்டு. ருக்மணி வண்டியில் பின்னால் உட்காரும்போதும் இதே பாஷைதான். முதுகில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

"கம்பெனி சைலன்சரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்ணா" என்றான் நவாஸ்.

"அந்த ஊமையை எனக்கு எதுக்கு? பழைய இரும்புக்குப் போடு."

பிப்ரவரி 11, செவ்வாய்

எதிர்வீட்டு பூங்கொடி டீச்சர் நிறுத்திச் சொன்னார்: "உங்க வண்டி வந்தா எங்க வீட்டு அலமாரில பாத்திரமெல்லாம் ஆடுதுங்க." நன்றி சொன்னேன். அவர் முகம் ஏன் அப்படிப் போனது என்று ருக்மணியிடம் கேட்டேன். புகார் சொன்னாராம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

குட்டைக் குழாய் கழன்றது, வாய் அகன்றது ஏறியது. நூற்றிரண்டு. நவாஸ் மனசில்லாமல்தான் மாட்டினான். "போலீஸ் புடிச்சா என்ற பேரச் சொல்லாதீங்ணா."

அவன் நாக்கில் என்ன இருக்கிறதோ, சிங்காநல்லூரிலேயே பிடித்துவிட்டார்கள். சத்தத்துக்கு ஓர் அபராதச் சீட்டு, நிற்காமல் போனதற்கு ஒன்று. போலீஸ்காரர் பின்னாலிருந்து மூன்று தடவை விசில் ஊதினாராம். ஊதியிருந்தால் நின்றிருக்க மாட்டேனா? நாட்டில் குக்கரிலிருந்து காவல்துறை வரைக்கும் விசில் சரியில்லை.

மார்ச் 8, சனி

பேத்தி. ரெண்டே முக்கால் கிலோ. தாயும் சேயும் நலம். அந்த உள்ளங்கையில் என் சுண்டுவிரல் நுனிதான் அடங்குகிறது. இதற்கு மேல் எழுத வரவில்லை, கண் மறைக்கிறது.

மார்ச் 20, வியாழன்

குழந்தைக்கு என் குணம். அழுகையே கிடையாது. பொறுமைசாலி.

இதைச் சொன்னதும் தாரணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தது. "ராத்திரி ரண்டு மணியிலிருந்து விடிய விடிய அழுதாளுங்ப்பா" என்றாள். அடுத்த அறையில் படுக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தக் காலத்துப் பெண்கள் சிணுங்கலைக்கூட அழுகைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

வண்டிச் சத்தத்தில் குழந்தை திடுக்கிடுகிறதாம். அது நியாயம். தெருமுக்கிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறேன். கிட்டத்தட்ட இருநூறு கிலோ. முதலாம் நாள் மூச்சு வாங்கியது, இப்போது பழகிவிட்டது. சைலன்சரையும் விட மாட்டேன், பேத்தியையும் விட மாட்டேன்.

ருக்மணி காது டாக்டரிடம் போகலாம் என்று மறுபடி ஆரம்பித்தாள். குறும்பி அடைத்திருக்கும், தேங்காயெண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நவாஸோடு சண்டை.

உள்குழாய், கம்பளி எதுவும் இல்லாத வெறுங்குழாய் வேண்டும் என்று கேட்டேன். முடியாது என்றான். "அது வண்டிக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாதுங்ணா." காசு கொடுப்பவன் நான், காதும் என்னுடையது என்றேன்.

காதிலிருந்து மஞ்சள் அடைப்பானை எடுத்துவிட்டு, எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "கோவிச்சுக்காதீங்ணா. நீங்க என்ற மூஞ்சியப் பாக்கறதில்ல, வாயத்தான் பாக்கறீங்க. கொஞ்சம் அந்தச் செவுத்தப் பாத்து நில்லுங்க."

நின்றேன். சுவரில் போன வருஷக் காலண்டர். கொஞ்ச நேரம் கழித்து அவனே முன்னால் வந்தான்.

"மூணு வாட்டி உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டனுங்ணா."

"லாரி போச்சு" என்றேன்.

போயிருக்கும். உக்கடத்தில் லாரிக்கா பஞ்சம்.

"இதுக்கு மேல சத்தம் என்ற கடையில இல்லீங்ணா" என்று எழுந்துவிட்டான். கடை என்ன உலகத்திலேயே ஒன்றுதானா? வரும் வழியில் வேறொரு கடையில் வெறுங்குழாய் வாங்கிவிட்டேன். மாட்டித் தர யார் தயவும் வேண்டாம். தறியையே பிரித்துப் பூட்டியவனுக்கு இரண்டு போல்ட்டு பெரிய வித்தையா?

ஏப்ரல் 19, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணி. ருக்மணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தாரணி தலைக்குக் குளிக்கப் போனாள். குழந்தை ஹாலில் தூளியில் தூங்கியது. "அப்பா, பாத்துக்குங்க" என்று என் முகத்துக்கு நேரே வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள். சரி என்றேன். பின்கட்டில் குளியலறை, கதவைச் சாத்தினால் அவளுக்கு எதுவும் கேட்காது.

நான் வாசலில், திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புதுக் குழாயை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தூளிக்கும் எனக்கும் பத்தடி இருக்காது. காற்று நன்றாக வீசியது. வீடு அமைதியாக இருந்தது. நல்ல காலை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பூங்கொடி டீச்சர் தெருவைத் தாண்டி ஓடி வந்தார். என்னைக் கண்டுகொள்ளாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்குள் போனார். இதென்ன மரியாதை என்று கோபத்தோடு எழுந்து பின்னால் போனேன்.

தூளிக் கயிற்றில் செவ்வெறும்பு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் குழந்தையை அள்ளி உதறினார். தொடையிலும் இடுப்பிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. குழந்தையின் முகம் கறுத்து, வாய் முழுக்கத் திறந்திருந்தது.

நான் அந்த வாயையே பார்த்தேன். உதட்டைப் பார்த்தால் எனக்குப் புரியாதது எதுவும் கிடையாது. அந்த உதட்டில் படிக்க ஒரு வார்த்தைகூட இல்லை. கிட்டப் போன பிறகுதான் எங்கோ தூரத்தில் கதவு உரசுகிற மாதிரி ஒன்று வந்தது. அதுதான் என் பேத்தியின் அழுகை.

"காமணி நேரமா அழுகுதுங்க! எங்க வூட்டு அடுப்படி வரைக்கும் கேக்குது!" என்றார் டீச்சர்.

தாரணி ஈரத் தலையோடு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. அதை எழுத மாட்டேன். ருக்மணி ரேஷன் பையோடு வந்தாள், எல்லாவற்றையும் பார்த்தாள்.

முன்பு மாட்டுக் கொட்டகையாக இருந்த பின்பக்கத்து ஷெட்டில் போய் நின்றுகொண்டு அழுதேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தடிப்பு வற்றிவிட்டது. டாக்டர் பயமில்லை என்றுவிட்டார். குழந்தையை என்னிடம் யாரும் தரவில்லை. கொடு என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனேன்.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். நான் தயாராகக் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தன் பெட்டியில் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பாதி முடிந்திருந்தது.

கனத்த சத்தம் பாதிக்கு மேல் போய்விட்டது, கீச்சென்கிற மெல்லிய சத்தம் முக்கால்வாசியும் போய்விட்டது என்றார் டாக்டர். விசில், குருவி, குழந்தை எல்லாம் அந்தக் கணக்கில் வருமாம். தறிக் கொட்டகையில் வேலை பார்த்தவரா என்று அவரே கேட்டார். போனது திரும்பாது, மிஷின் வைத்தால் மிச்சத்தை வைத்துப் பிழைக்கலாம் என்றார். "வையுங்கள்" என்றேன். அளவெடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து காகிதத்தை ருக்மணியிடம் நீட்டினேன். பார்க்கவே இல்லை.

"பதினோரு வருசமாத் தெரியுமுங்க" என்றாள்.

"அப்ப ஏன் புள்ள சொல்லல?"

"சொன்னனுங்க. குறும்பின்னீங்க. அதுக்கப்புறம் சொன்னா, மேஸ்திரி வேலையிலிருந்து எறக்கிப்போடுவாங்கன்னு பயந்தீங்க. சரின்னு நானே எதுக்க வந்து நின்னு பேசப் பழகிட்டன்."

பிப்ரவரி 2-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மரியாதை என்று எழுதியிருக்கிறேன். கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். மரியாதைதான் அது.

மே 10, சனி

மிஷின் வந்துவிட்டது. இரண்டு காதுக்கும்.

உலகம் இவ்வளவு இரைச்சலாகவா இருக்கிறது? பேன் கிறீச்சிடுகிறது. பேப்பரைத் திருப்பினால் படபடவென்கிறது. என் செருப்பு இத்தனை வருஷமாக இப்படித்தான் தரையைத் தேய்த்ததா? குக்கர் விசில் அடித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். குக்கரிடம் மன்னிப்புக் கேட்க முடியாது, அதனால் நாளை அதைப் புளி போட்டுத் தேய்க்கிறேன்.

சாயங்காலம் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். உள்ளே அழுகை. ஹோஸை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அடுப்படியிலிருந்து தாரணி வருவதற்குள் தூளியண்டை நின்றுவிட்டேன். பொறுமைசாலியாவது! இவள் தொண்டைக்கு நூற்றிருபது தறியும் தோற்கும்.

தாரணி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். "எடுங்ப்பா" என்றாள்.

எடுத்தேன்.

மே 11, ஞாயிறு

நவாஸ் கடைக்கு நேரே போய், "லாரி எதுவும் போகல தம்பி" என்றேன். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. என் காதைப் பார்த்தான், சரியென்று தலையாட்டினான். மூலையிலிருந்து சாக்குச் சுற்றிய ஒன்றைத் தூக்கி வந்தான். சாக்கின் மேல் சாக்பீஸில் 'நாச்சிமுத்து அண்ணன்' என்று எழுதியிருந்தது. என் கம்பெனி சைலன்சர். பழைய இரும்புக்குப் போடவில்லை.

மாட்டி ஸ்டார்ட் செய்தான். கேட்டேன். அடேயப்பா. ஒவ்வொரு 'தம்'முக்கும் நுனி இருக்கிறது. முறுக்கி விட்டால் அடங்கும்போது குடுகுடுவென்று ஒரு சின்னச் சிரிப்பும் இருக்கிறது. முதலாம் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. இதைப் போய் ஊமை என்றேன்.

ஆனால் ஆசை யாரை விட்டது? "அந்தக் குட்டைக் குழாய இப்பக் கேட்டா இன்னும் ஜோரா இருக்குமில்ல?" என்றேன். கம்பளி கூடுதலாக வைத்து, சட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி செய்து தருகிறானாம். எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறான். ஒரு மாசம் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஹெல்மெட் போட்டால் மட்டும் மிஷின் கீச்சென்று கத்துகிறது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

தாரணியும் குழந்தையும் பல்லடத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பதினைந்து நாள் ஆகிறது. பார்க்கக் கிளம்பினோம். நேற்று ஒரு பெரிய ஹெல்மெட் வாங்கினேன். காது பக்கம் இடம் இருக்கிறது, மிஷின் கத்தவில்லை. ருக்மணியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, கண்ணாடி பார்த்து மாட்டுகிற அவசரத்தில் விட்டுப்போயிற்று.

ஊரைத் தாண்டியதும் பின்னால் பேச்சுக் குரல். யாரோ பக்கத்தில் வண்டியில் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. மெதுவாக ஓட்டினேன்.

"பாரு, அத்தன ரோடு கெடக்குது, குழியத் தேடிப்போயி எறக்கறத. கல்யாணத்தன்னிக்கிருந்து இதே கதைதான்."

ருக்மணி. என் முதுகோடு பேசிக்கொண்டிருந்தாள். நிதானமாக, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒருத்தி பேசுகிற மாதிரி. இத்தனை வருஷமும் இப்படித்தான் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. என் தங்கச்சியைப் பற்றி ஒரு கிலோமீட்டர். என் பிடிவாதத்தைப் பற்றி இரண்டு. வாயை இறுக்கிக்கொண்டு ஓட்டினேன், சிரித்தால் தோள் குலுங்கிவிடும்.

காரணம்பேட்டை தாண்டிய பிறகு குரல் இறங்கியது.

"அன்னிக்கு நீங்க ஷெட்டுல நின்னு அழுதீங்க. பாத்துட்டு, பாக்காத மாதிரி வந்துட்டன். வந்திருக்கக் கூடாது. உங்க மேல மட்டுமாங்க தப்பு? செவுடுன்னு ஒருத்தர் ஒரு சொல்லுச் சொல்லிரப்படாதுன்னு பதினோரு வருசமா மூடி மூடி வெச்சது நாந்தான. அந்தப் புள்ளய எறும்பு கடிச்சதுல எனக்கும் பாதி இருக்குது. இத உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லீங்க."

ரோடு கலங்கியது. ஓரங்கட்ட நினைத்தேன், கட்டவில்லை. இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, பின்னால் நீட்டி, தறிக் கொட்டகைப் பாஷையில் அவள் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

பேச்சு சட்டென்று நின்றது. பல்லடம் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. இறங்கியதும் வழக்கம்போல எதிரே வந்து நின்றாள். என் ஹெல்மெட்டைத் தானே கழற்றி, காதைப் பார்த்தாள்.

"எங்கிருந்து கேட்டுச்சு?"

"குழியிலிருந்து."

"இனி வண்டியில வாயத் தொறந்தா ஏன்னு கேளுங்க."

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் தொடங்கிவிட்டாள். காற்று கொஞ்சம், வண்டி கொஞ்சம், நாலில் ஒரு சொல் தப்பியது. குட்டைக் குழாய் இருந்திருந்தால் நாலும் தப்பியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நவாஸுக்குப் போன் செய்தேன். எடுத்து வைத்ததை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

"ஏனுங்ணா, இருக்கற சத்தமே போதுமா?"

"கொஞ்சம் கூடுதல் தம்பி. இதைவிடச் சத்தம் கம்மியா ஏதாவது இருக்குதா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. மிஷினைத் தொட்டுப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.